காட்டாற்றில் படகு இறங்கும் முன்

கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கோடஞ்சேரிப் பகுதியில் ஓடும் சாலிப்புழா, இருவஞ்சிப்புழா ஆகிய காட்டாறுகள், கோடையில் பாறைகளுக்கிடையே மெலிந்து கிடந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் நுரைத்துப் பாய்பவை. 2013 முதல் நடைபெறும் மலபார் ஆற்றுத் திருவிழா, கயாக் படகு வீரர்களைப் பல நாடுகளிலிருந்தும் இங்கே வரவழைக்கிறது. ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கடல்நாய்த் தோலைப் போர்த்திச் செய்த வேட்டைப் படகிலிருந்து வந்த கயாக், இன்று பெரும்பாலும் பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகிறது.

காட்டாற்றில் இறங்குவோர் முதலில் அறிய வேண்டியது நீர்வரத்து, அதாவது ஓரிடத்தை ஒரு நொடியில் கடக்கும் நீரின் கன அளவு. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. அது தடையின்மீது செலுத்தும் விசையோ வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், நொடிக்கு 1 மீட்டராக இருந்த வேகம் 2 மீட்டரானால், பாறையில் குறுக்காகச் சிக்கிய படகை அழுத்தும் விசை ஏறத்தாழ 4 மடங்காகிவிடும். நீர்ப்பிடிப்புப் பகுதி சிறியதாகவும் சரிவு செங்குத்தாகவும் இருக்கும் ஓடைகளில், மலைமேல் பெய்யும் மழை விரைவிலேயே கீழே வெள்ளமாக வந்துசேரும் என்பதால், படகு இறங்கும் இடத்தில் வானம் தெளிந்திருப்பதை மட்டும் நம்புவது ஆபத்தானது.

பாறைமீது வழிந்து விழும் நீர், அந்த ஆழத்தில் அலை பரவக்கூடிய வேகத்தை மிஞ்சிப் பாய்ந்து (அரை மீட்டர் ஆழத்தில் அது நொடிக்குச் சுமார் 2.2 மீட்டர்), கீழே மெதுவான நீரைச் சந்திக்கும்போது திடீரென மேலெழுந்து கொந்தளிப்பதை நீர்த்தாவல் என்பர். அங்கே மேற்பரப்பு நீர் பின்னோக்கிப் புரண்டு, விழுந்தவரை மீண்டும் மீண்டும் உள்ளே இழுக்கக்கூடும்; நுரையில் காற்று கலந்திருப்பதால் அடர்த்தி குறைந்து, மிதப்பு விசையும் குறைகிறது. ஆற்றின் முழு அகலத்துக்கும் ஒரே சீராக நீர் வழியும் தடுப்பணைகளில் பக்கவாட்டில் விலகவும் வழி கிடைப்பதில்லை என்பதால், அவை பார்வைக்கு அமைதியாகத் தோன்றினாலும் பல அருவிகளைவிடக் கொடியவை.

பெரிய பாறையின் பின்புறத்தில் நீர் மேல்நோக்கித் திரும்பி ஓடும் எதிரோட்டமே படகை இறக்க ஏற்ற இடம். அங்கிருந்து படகின் முனையை ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் சற்றே சாய்கோணமாக வைத்து, விரைந்து துடுப்பிட்டு எதிரோட்டத்தின் எல்லைக்கோட்டைக் கடக்கும் கணத்தில், வீரர் ஓட்டம் செல்லும் பக்கமாகப் படகைச் சரித்து, எதிர்ப்பக்க விளிம்பை உயர்த்த வேண்டும்; உயர்த்தத் தவறினால் பாய்ந்து வரும் நீர் அந்த விளிம்பின்மீது ஏறிப் படகைக் கவிழ்த்துவிடும்.

உலக அளவில் ஆற்றுப் பகுதிகளின் கடினம் 1 முதல் 6 வரை தரப்படுத்தப்பட்டாலும், நீர்மட்டம் மாறும்போது அதே பகுதியின் தரமும் மாறிவிடுகிறது. ஆகவே தலைக்கவசமும் மிதவை அங்கியும் அணிந்தவர்கள்கூட, வளைவுக்கு அப்பால் விழுந்து கிடக்கும் மரங்கள் உண்டா என்று கரையில் நடந்து பார்த்த பின்னரே இறங்க வேண்டும். ஐயம் எழுந்தால் படகைத் தோளில் சுமந்து அந்தப் பகுதியைச் சுற்றிக் கடப்பதும் இந்தக் கலையின் ஒரு பகுதியே.