சென்னைக்குப் பொருந்தாத விதி

இன்சுலின் செல்லின் வெளிப்புறத்தில் வேலை செய்கிறது. அந்த இன்சுலின் சரியாக வேலை செய்ய, உள்ளே உட்கருவில் இன்னொரு புரதமும் ஒத்துழைக்க வேண்டும். அதன் பெயர் பிபிஏஆர்-காமா. மனித உடலில் உள்ள 48 உட்கரு ஏற்பிகளில் இதுவும் ஒன்று. இதன் நடுப்பகுதியில் துத்தநாக அணுக்கள் இரண்டு. ஒவ்வொன்றையும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் நான்கு பிடித்திருக்கின்றன. டிஎன்ஏவைப் பற்றிக்கொள்வது இந்தப் பகுதிதான். ஆர்எக்ஸ்ஆர் என்ற இன்னொரு ஏற்பியோடு ஜோடி சேர்ந்துதான் இது டிஎன்ஏவில் உட்காரும். பின்பகுதி சுருள் சுருளான அமைப்பு. அதற்குள் ஒரு குழிவு. கொழுப்பு அமிலம் அந்தக் குழிவுக்குள் புகுந்ததும் கடைசிச் சுருள் தன் இடத்தில் படிந்து நிலைபெறுகிறது, துணைப் புரதங்கள் வந்து ஒட்டுகின்றன, கொழுப்பைச் சேமிக்கும் மரபணுக்கள் இயங்கத் தொடங்குகின்றன. 1998-இல் இதன் படிக அமைப்பு வெளியானபோது அந்தக் குழிவின் அளவே ஆய்வாளர்களை வியக்க வைத்தது. மற்ற பல ஏற்பிகளின் குழிவைவிட அது மிகப் பெரியது. அதனால்தான் பலவகைக் கொழுப்பு அமிலங்களும், பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையும் அதில் பொருந்துகின்றன. கொழுப்பு கல்லீரலிலும் தசையிலும் போய்ப் படியாமல் கொழுப்பு செல்லிலேயே தங்கினால் இன்சுலினுக்கு உடல் கட்டுப்படும். இந்தப் புரதத்தின் பயன் அதுதான்.

இந்தப் புரதத்தின் காமா-2 வடிவத்தில் 12-ஆவது இடத்தில் பெரும்பாலோருக்குப் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கும், சிலருக்கு அலனின். அலனின் உள்ள ஐரோப்பிய வம்சத்தவருக்குச் சர்க்கரை நோய் குறைவாக வருகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. அதை உலகப் பொது விதியாக எடுத்துக்கொள்வதைத்தான் நான் மறுக்கிறேன். சென்னை நீரிழிவு ஆய்வு நிறுவனமும் அமெரிக்காவின் டல்லாஸ் ஆய்வாளர்களும் சேர்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், டல்லாஸ் வெள்ளையரிடம் அந்தப் பாதுகாப்பு தெரிந்தது. சென்னையில் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவர், இல்லாதவர் இருசாராரிலும் அலனின் ஏறத்தாழ 19 சதவீதம் பேருக்கு இருந்தது.

புரதம் ஒன்றேயானால் பலன் மட்டும் எப்படி மாறும் என்று கேட்கலாம். 12-ஆவது இடம் குழிவிலும் இல்லை, டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதியிலும் இல்லை. முன்பக்கத்து வால் பகுதியில் இருக்கிறது. அங்கே நேரும் மாற்றம் ஏற்பியின் வேகத்தைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான். அந்தச் சிறு குறைவு நன்மையாக முடிவதும் முடியாததும் உடலின் கொழுப்புச் சுமையையும் மற்ற மரபணுக்களையும் பொறுத்தது என்றே நான் கருதுகிறேன். சென்னையின் சாப்பாடுதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது; டல்லாஸில் வாழும் தெற்காசியரிடமும் அந்தப் பாதுகாப்பு தென்படவில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பஞ்சாப் சீக்கியரிடம் நடந்த ஆய்வில் அலனின் பாதுகாப்புத் தருவதாகவே தெரிந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அது என் வாதத்தைத் தளர்த்தவில்லை. இந்தியர் என்ற ஒரே பெயரில்கூட எல்லாரையும் அடக்கக் கூடாது, அந்தந்த மக்களிடம் சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்பதையே காட்டுகிறது.

இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடும் சங்கதி அல்ல. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். எரியோட்டில் வெங்காயம் நடுகிறவர், வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லில் இரவு ஷிப்டு பார்க்கிறவர் யாரும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. இவர்களிடம் எச்சிலை வாங்கி மரபணுச் சோதனை செய்து, வெள்ளையரிடம் கிடைத்த விதியை வைத்து "உங்களுக்கு ஆபத்து குறைவு" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பேச்சுக்கு அடிப்படை கிடையாது. அதே சென்னை ஆய்வு நிறுவனம் நம்மவர்களுக்கென்று உருவாக்கிய மதிப்பெண் முறை கேட்பது நான்கே விஷயங்கள்: வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. இதற்கு ஒரு அளவு நாடா போதும். முப்பது வயதைத் தாண்டியவர்கள் மரபணுச் சோதனைக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே அது இலவசம்.