எந்த வங்கியோடு எந்த மென்பொருள் பேசும்?

வீட்டு வரவுசெலவைக் கணினியில் எழுதிவைக்கும் மென்பொருள்கள் 1980களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டன என்றாலும், வங்கியின் பதிவுகளை மறுபடி தட்டச்சு செய்யாமல் அவற்றுக்குள் கொண்டுவருவது எப்படி என்ற கேள்விக்கு இன்றுவரை நாட்டுக்கு நாடு வெவ்வேறு விடையே கிடைக்கிறது. இன்ட்யூட் நிறுவனத்தின் குவிக்கன் தொடக்கத்தில் கையாண்ட கியூஐஎஃப் என்னும் கோப்பு வடிவம் வெறும் எழுத்து வரிகளால் ஆனது. பரிவர்த்தனைக்கென்று தனி அடையாள எண் அதில் இல்லாததால், ஒரே மாத அறிக்கையை இருமுறை ஏற்றினால் இரட்டைப் பதிவை மென்பொருள் ஊகித்துத்தான் அறிய வேண்டும். 03/04 என்ற தேதி மார்ச் 4ஆ, ஏப்ரல் 3ஆ என்று சொல்லவும் கோப்புக்குள் எதுவும் இல்லை. மைக்ரோசாஃப்ட், இன்ட்யூட், செக்ஃப்ரீ ஆகியவை 1997இல் வெளியிட்ட ஓஎஃப்எக்ஸ் என்ற பொது வடிவம் இவ்விரண்டையும் சரிசெய்தது: பரிவர்த்தனைக்கு வங்கியே அடையாளம் இடுகிறது, தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வரிசையில் வருகிறது.

பின்னர் இன்ட்யூட் அதே வடிவத்தில் வங்கியைச் சுட்டும் ஓர் எண்ணைச் சேர்த்து, கியூஎஃப்எக்ஸ் என்று பெயரிட்டு, தன்னோடு கட்டண ஒப்பந்தம் செய்த வங்கிகளின் கோப்புகளை மட்டும் குவிக்கன் ஏற்கும்படி அமைத்தது. பொதுவழியில் சுங்கச்சாவடி வைத்ததற்கு ஒப்பான இந்த ஏற்பாட்டில், ஒப்பந்தம் செய்யாத வங்கியின் வாடிக்கையாளருக்கு மென்பொருளை விலைகொடுத்து வாங்கியும் பயன் பாதிதான். கணினி மாறினாலும் தொல்லை உண்டு. விண்டோஸ் குவிக்கனும் மேக் குவிக்கனும் வெவ்வேறு கோப்பு வடிவங்களைக் கையாள்வதால் ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மாற்றும் வேலை தேவைப்படுகிறது. பழைய பவர்பிசி செயலிக்காக எழுதப்பட்ட மேக் குவிக்கன் 2007, ஆப்பிளின் 2011ஆம் ஆண்டு இயங்குதளத்தில் இயங்காமல் போனது. திருத்திய பதிப்பு அடுத்த ஆண்டுதான் வந்தது.

ஜெர்மனியில் நிலைமை வேறு. அந்நாட்டு வங்கிகள் கூடி எச்பிசிஐ என்ற பொதுவான தொடர்பு முறையை வகுத்து, 2002இல் அதை ஃபின்டிஎஸ் என வளர்த்தன. அதன் விதிகள் வெளிப்படையாகக் கிடைத்ததால், தன்னார்வலர்கள் அக்யூபேங்கிங் என்ற நிரல்தொகுப்பை எழுத முடிந்தது. அதைச் சேர்த்துக்கொண்ட குனூகேஷ் என்ற இலவச மென்பொருள், லினக்ஸ், விண்டோஸ், மேக் என எதில் இயங்கினாலும், பயனரின் ரகசிய எண்ணையும் ஒருமுறை மட்டும் செல்லும் குறியெண்ணையும் பெற்று, இடையில் எந்த நிறுவனமும் இல்லாமல் வங்கியிடம் நேரே கணக்கு விவரம் கேட்கிறது. வணிக மென்பொருள் செய்யாததை இது செய்தது என்பதைவிட, வங்கிகள் இசைந்ததால்தான் செய்ய முடிந்தது என்பதே கவனிக்கத்தக்கது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2016இல் வகுத்த விதிகளின்படி 2021 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த ‘அக்கவுன்ட் அக்ரிகேட்டர்’ ஏற்பாட்டில், வாடிக்கையாளரின் ஒப்புதலோடு கணக்கு விவரம் மறையாக்கம் செய்யப்பட்டுக் கைமாறுகிறது. கடத்தித்தரும் இடைநிறுவனத்தாலும் அதைப் படிக்க முடியாது. ஆனால் பெறுபவர் நிதித்துறை ஒழுங்காற்று அமைப்பு ஒன்றின்கீழ் வரும் நிறுவனமாக இருக்க வேண்டும் என்பதால், வீட்டுக் கணினியில் உள்ள மென்பொருளுக்கு அவ்வழி நேராகத் திறப்பதில்லை. ஆகவே இங்குள்ள பயனர் பெரும்பாலும் நெட்பேங்கிங்கில் எக்செல் அல்லது சிஎஸ்வி கோப்பைப் பதிவிறக்கி, எது தேதி, எது பற்று, எது வரவு என்று பத்தி பத்தியாக மென்பொருளுக்குக் காட்டிக்கொடுக்கிறார். குனூகேஷில் இந்த அமைப்பை ஒருமுறை சேமித்துவிட்டால், வங்கி தன் அறிக்கையின் வடிவத்தை மாற்றும்வரை அதுவே போதும்.