கொம்பனிகளுக்கு நகைச்சுவை மடல்கள்

வணிகக் கொம்பனிகளுக்கு நகைச்சுவை மடல் வரைதல் ஒரு தனிக் கலை. அமெரிக்கராகிய டொன் நொவெல்லோ, 'லாஸ்லோ தோத்' என்னும் புனைபெயர் பூண்டு வரைந்த மடல்கள் 1977 இல் நூலாயின. குளிக்கும் நீரில் நுரையெழுப்பும் 'மிஸ்டர் பபிள்' தூளின் பெட்டியில், ஈரம் படாது வைத்திருக்குமாறு பொறித்திருந்தனர். ஈரம் படாது வைத்தால் அதனைப் பயன்படுத்துவது எங்ஙனம் என அவர் பணிவுடன் வினவினார். மறுமொழியும் வந்தது!

எழுதுபவர் சிரிப்பதில்லை; கொம்பனியின் சொல்லை அப்படியே நம்புகின்றார். நகை அங்கேதான் பிறக்கின்றது. ஒரு சொல் மிகைப்படினும் மடல் வெறுங் கேலியாய்விடும். 1980 இல் 'ஹென்றி றூற்' என்ற பெயரில் இத்தகைய நூலை வெளியிட்ட ஆங்கிலேயர் வில்லியம் டொனால்ட்சன், பிரமுகர் பலருக்கு எழுதிய மடல்களுடன் ஒரு பவுண் நோட்டையும் இணைத்தனுப்பினார். அதனைத் திருப்பியனுப்பவேனும் ஒரு கடிதம் எழுதவேண்டுமன்றோ?

ஒன்றுமட்டும் நம்மை உறுத்துகின்றது. கொம்பனியில் மடலைப் பிரித்து விடை எழுதுபவர் முதலாளி அல்லர். கோவைகள் குவிந்த மேசையில் அமர்ந்திருக்கும் எழுதுவினைஞர். பெட்டியின் வாசகம் அவர் எழுதியதன்று. கேலி வாசகத்தைத் தைக்கலாம். அவரைத் தைத்தல் முறையன்று. நொவெல்லோவின் வினா அவரை வருத்தாதது. இரண்டு வரியில் விடை எழுதி, தாமும் சற்றே சிரித்து, அவர் அடுத்த கோவையை எடுத்திருக்கலாம்.