பழைய வணிக மென்பொருளைப் புதுப்பித்தல்: டாட் நெட் ஃபிரேம்வொர்க்கிலிருந்து டாட் நெட்டுக்கு

ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக இயங்கிவரும் கணக்கு, இருப்பு, விற்பனை, சம்பளப் பட்டியல் போன்ற மென்பொருட்களை, அன்றாட வேலை நின்றுவிடாமல் புதிய தொழில்நுட்ப அடித்தளத்துக்கு மாற்றுவதே மென்பொருள் புதுப்பித்தல் எனப்படுகிறது. இந்த அடித்தளம் பெரும்பாலும் ஃபிரேம்வொர்க் எனப்படும் மென்பொருள் உருவாக்கச் சட்டகமாகும். பயனர் உள்நுழைவு, தரவுத்தள இணைப்பு, திரை அமைப்பு, பிழை கையாளுதல் போன்ற பொதுவான வேலைகளை ஒவ்வொரு நிரலரும் முதலிலிருந்து எழுதாமல், ஆயத்தமாகப் பயன்படுத்திக்கொள்ள இது உதவுகிறது. இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. சட்டகம் பழையதாகும்போது, அதன்மீது எழுதப்பட்ட மென்பொருளில் எந்தக் குறையும் இல்லாவிட்டாலும் அதுவும் பழையதாகிவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் டாட் நெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

பெயர் ஒன்று, அடித்தளம் இரண்டு

டாட் நெட் ஃபிரேம்வொர்க்கின் முதல் பதிப்பு 2002இல் வெளிவந்தது. சி ஷார்ப், விஷுவல் பேசிக் டாட் நெட் ஆகிய மொழிகளில் எழுதப்பட்ட எண்ணற்ற அலுவலக மென்பொருட்கள் அதன்மீது உருவாயின. அது விண்டோஸ் இயங்குதளத்துக்கு மட்டுமே உரியது. இணையச் செயலிகள் இயங்க விண்டோஸ் வழங்கியும் அதிலுள்ள ஐஐஎஸ் என்ற இணைய வழங்கி மென்பொருளும் தேவைப்பட்டன.

2014இல் மைக்ரோசாஃப்ட் டாட் நெட்டின் மையப் பகுதிகளைத் திறமூலமாக்குவதாக அறிவித்தது. லினக்ஸ், மேக் ஓஎஸ் ஆகியவற்றிலும் இயங்கக்கூடிய டாட் நெட் கோர் 2016 ஜூனில் வந்தது. இது பழையதன் அடுத்த பதிப்பு அல்ல. பெருமளவு புதிதாகக் கட்டப்பட்டது. 2020 நவம்பரில் 'கோர்' என்ற சொல் கைவிடப்பட்டு, டாட் நெட் 5 என்ற பெயர் வந்தது. பழைய ஃபிரேம்வொர்க்கின் 4ஆம் வரிசையோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காக 4 என்ற எண் தவிர்க்கப்பட்டது. ஆனாலும் குழப்பம் முழுமையாகத் தீர்ந்துவிடவில்லை. டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8, டாட் நெட் 8 என்ற இரு பெயர்களையும் கேட்பவர் அவற்றை ஒரே பொருளின் முன்னும் பின்னுமான பதிப்புகள் என்றே எண்ணுவார்.

பழையது செத்துவிட்டதா?

இல்லை. 2019இல் வந்த 4.8 பதிப்பும் 2022இல் வந்த சிறிய திருத்தமான 4.8.1 பதிப்பும், தாம் நிறுவப்பட்டுள்ள விண்டோஸுக்கு ஆதரவு இருக்கும்வரை பாதுகாப்புத் திருத்தங்களைப் பெறுகின்றன. 4.5.2, 4.6, 4.6.1 ஆகியவற்றுக்கான ஆதரவு மட்டும் 2022 ஏப்ரலில் முடிந்தது. ஆகவே 'உடனே மாறாவிட்டால் எல்லாம் நின்றுவிடும்' என்று விற்பனையாளர்கள் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஐந்து பேர் பயன்படுத்தும், மாற்றமே தேவைப்படாத ஒரு மென்பொருளை 4.8இலேயே விட்டுவைப்பது பல நேரங்களில் சரியான முடிவு.

மாறுவதற்கான காரணங்கள் வேறு. புதிய வசதிகள் எல்லாம் புதிய டாட் நெட்டுக்கே வருகின்றன. அதில் எழுதியவற்றை லினக்ஸ் வழங்கிகளில் இயக்கலாம் என்பதால் விண்டோஸ் வழங்கி உரிமக் கட்டணம் மிச்சமாகிறது. வேகமும் கூடுகிறது. மைக்ரோசாஃப்டின் பிங் தேடுபொறி 2018இல் டாட் நெட் கோர் 2.1க்கு மாறியபோது, உள் தாமதம் 34 விழுக்காடு மேம்பட்டதாக அக்குழு அறிவித்தது. டாட் நெட்டை உருவாக்கிய நிறுவனத்துக்குள்ளேயே உள்ள ஒரு குழு பெற்ற பயன் இது. சாதாரண அலுவலகச் செயலியில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தரவுத்தள வினவல்களே. சட்டகத்தை மாற்றுவதால் அவை வேகமாகிவிடா.

ஒரேயடியாக மாற்றினால்

பழைய நிரலைப் படித்து அலுத்த நிரலர்கள் முதலில் சொல்வது, 'எல்லாவற்றையும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவோம்' என்பதே. நெட்ஸ்கேப் உலாவி அதைச் செய்தது. 1997இல் 4ஆம் பதிப்பு வெளிவந்த பிறகு, நிரலைப் பெரும்பாலும் புதிதாக எழுதும் முடிவு எடுக்கப்பட்டது. 5ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை. 6ஆம் பதிப்பு 2000 நவம்பரில்தான் வந்தது. அதற்குள் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் சந்தையைப் பிடித்துவிட்டது.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கிக்கு நேர்ந்தது வேறு வகை. அது டாட் நெட் தொடர்பான நிகழ்வு அல்ல என்றாலும், அமைப்பு மாற்றம் பற்றிப் படிப்பவர்கள் தவறவிடக்கூடாத ஒன்று. 2018 ஏப்ரலில் ஒரே வார இறுதியில், சுமார் 52 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகள் புதிய அமைப்புக்கு மாற்றப்பட்டன. தரவுகள் சரியாகவே வந்து சேர்ந்தன. ஆனால் அவற்றைத் தாங்க வேண்டிய புதிய அமைப்பு தடுமாறியது. பெருந்தொகையானோரால் தங்கள் கணக்குகளைப் பயன்படுத்த முடியவில்லை. வங்கி வழக்கமான நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டின் டிசம்பர் ஆகிவிட்டது. 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் அந்த வங்கிக்கு 4 கோடியே 86.5 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தன.

அத்தி மர முறை

இதற்கு மாற்றான படிப்படியான முறைக்கு மென்பொருள் அறிஞர் மார்ட்டின் ஃபவுலர் 2004இல் ஒரு பெயர் சூட்டினார். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக் காடுகளில், வேறொரு மரத்தின் உச்சியில் முளைத்து, வேர்களைக் கீழே இறக்கி, மெல்ல அந்த மரத்தையே சூழ்ந்து இடம்பிடித்துக்கொள்ளும் அத்தி வகையை அவர் கண்டிருந்தார். பனை மரத்தைச் சுற்றி ஆல் வளர்ந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் படிமம் புதிதல்ல.

டாட் நெட்டில் இது நடைபெறும் விதம் எளிது. பயனருக்கும் பழைய செயலிக்கும் இடையில், டாட் நெட்டின் புதிய பதிப்பில் எழுதிய ஒரு செயலி நிறுத்தப்படுகிறது. வரும் கோரிக்கைகள் அனைத்தையும் அது முதலில் பழைய செயலிக்கே அனுப்பிவைக்கும். இதற்கென மைக்ரோசாஃப்ட் யார்ப் என்ற திறமூல நிரலகத்தை வழங்குகிறது. பிறகு ஒரு பக்கம், எடுத்துக்காட்டாக 'வாடிக்கையாளர் பட்டியல்', புதிய செயலியில் எழுதப்படுகிறது. அதற்கான கோரிக்கை மட்டும் இனிப் பழையதற்குப் போகாது. தவறு நேர்ந்தால் வழியை மட்டும் திருப்பிவிட்டால் போதும். பழைய பக்கம் அங்கேயே இருக்கும். பயனர் உள்நுழைந்த நிலையை இரு செயலிகளும் பகிர்ந்துகொள்ளச் செய்வதுதான் இதில் தொல்லையான வேலை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மீண்டும் கடவுச்சொல் கேட்டால் பயனர் பொறுத்துக்கொள்ள மாட்டார்.

எங்கே சிக்கல்

பெரிய தடைகள் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். ஏஎஸ்பி டாட் நெட் வெப் ஃபார்ம்ஸ் புதிய டாட் நெட்டில் கிடையாது. அதில் எழுதிய திரைகளை ரேசர் பக்கங்கள், பிளேசர் போன்றவற்றில் மறுபடி எழுத வேண்டும். டபிள்யூசிஎஃப் என்ற சேவைத் தொழில்நுட்பத்தின் வழங்கிப் பகுதியையும் மைக்ரோசாஃப்ட் கொண்டுவரவில்லை. அந்த இடத்தைக் கோர் டபிள்யூசிஎஃப் என்ற திறமூலத் திட்டம் ஓரளவு நிரப்புகிறது.

நிரல் பிழையின்றித் தொகுக்கப்பட்டு, இயங்கி, விடை மட்டும் மாறிவிடும் இடங்கள் இவற்றைவிட ஆபத்தானவை. 'டபுள்' வகை எண்களாக 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டி, விடையை எழுத்தாக மாற்றினால் பழைய ஃபிரேம்வொர்க் 0.3 என்று தரும். டாட் நெட் கோர் 3.0 முதல் 0.30000000000000004 என்று வரும். உள்ளே இருக்கும் மதிப்பு ஒன்றே. முன்பு மறைக்கப்பட்டது இப்போது காட்டப்படுகிறது. பணத்துக்கு 'டெசிமல்' வகையைப் பயன்படுத்தியிருந்தால் இந்தச் சிக்கலே வராது. ஆனால் பழைய நிரல்களில் அந்த ஒழுங்கு எப்போதும் இருப்பதில்லை. வங்கிக்கு அனுப்பும் கோப்பில் இப்படி ஒரு எண் விழுந்தால் அது திருப்பி அனுப்பப்படலாம்.

எழுத்துக் குறியாக்கமும் அப்படியே. கோப்பு ஒன்றை முன்னிருப்புக் குறியாக்கத்தில் படிக்கச் சொன்னால், பழைய ஃபிரேம்வொர்க் விண்டோஸில் அமைந்துள்ள குறியாக்கத்தை எடுத்துக்கொள்ளும். புதியது யூடிஎஃப்-8ஐ எடுத்துக்கொள்ளும். ஒருங்குறிக்கு முந்தைய டாம், டாப் போன்ற 8-பிட் குறியாக்கங்களில் தமிழ்ப் பெயர்களைச் சேமித்துவைத்த கோப்புகள் இங்கே சிதைந்துபோகும். முதலில் தரவை ஒருங்குறிக்கு மாற்றிய பிறகே நிரலில் கைவைக்க வேண்டும்.

இத்தகைய வேறுபாடுகளைப் பிடிக்கச் சோதனைகளே வழி. 2004இல் வெளியான தம் நூலில் மைக்கேல் ஃபெதர்ஸ், சோதனை இல்லாத நிரலையே மரபு நிரல் என்று வரையறுத்தார். அவர் முன்வைக்கும் சோதனை, நிரல் என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதில்லை. இப்போது என்ன செய்கிறது என்பதை அப்படியே பதிவுசெய்கிறது. கடந்த மாதத்து விலைப்பட்டியல்கள் அனைத்தையும் பழையதிலும் புதியதிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடுவது இதன் எளிய வடிவம். அப்படி ஒப்பிடும்போது, எவரும் எழுதிவைக்காத விதிகள் வெளிவரும். குறிப்பிட்ட ஒரு வாடிக்கையாளருக்கு மட்டும் பைசாவை முழு ரூபாயாக்கும் ஒரு வரி கிடைக்கலாம். அது பிழையா, என்றோ கொடுத்த வாக்குறுதியா என்பதை நிரலரால் சொல்ல முடியாது. கணக்குப் பிரிவில் நீண்ட காலம் வேலை பார்த்தவரிடம்தான் கேட்க வேண்டும். அவர் ஓய்வு பெறுவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

மாறிய பிறகு

புதிய டாட் நெட் ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு பதிப்பை வெளியிடுகிறது. நீண்டகால ஆதரவு உள்ள பதிப்புக்கும் மூன்று ஆண்டுகளே ஆயுள். 2021இல் வந்த டாட் நெட் 6க்கான ஆதரவு 2024 நவம்பரில் முடிந்தது. 2023இல் வந்த டாட் நெட் 8க்கு 2026 நவம்பர் வரை உண்டு. பதிப்பை உயர்த்துவது ஃபிரேம்வொர்க்கிலிருந்து மாறுவதைப் போலக் கடினமல்ல. சிறு செயலிகளில் சில நாள் வேலைதான். ஆயினும் அதைச் செய்ய ஆளும் நேரமும் ஒதுக்கப்பட வேண்டும். புதுப்பித்தலை ஒருமுறைச் செலவாக எண்ணி, வேலை முடிந்ததும் குழுவைக் கலைத்துவிடும் நிறுவனம், மூன்று ஆண்டுகளுக்குப் பின் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராத மென்பொருளோடு நிற்கும். பழைய 4.8இலேயே இருந்திருந்தால் அந்தத் திருத்தங்களாவது விண்டோஸோடு சேர்ந்து வந்திருக்கும்.