பத்து பேர், ஒரு வேன், ஊர் ஊரா சாப்பாடு: பணம் எங்கே போகுது?



அமெரிக்காவில் ஆர்.வி. வண்டி எடுத்துக்கிட்டு நண்பர்கள் கூட்டமா சின்னச் சின்ன ஊருக்குப் போய் சாப்பிடுற வீடியோவைப் பார்த்திருப்பீங்க. வண்டிக்குள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். நமக்குக் கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்தான் ஞாபகம் வரும். பரவாயில்லை. ஒரு டெம்போ டிராவலர் போதும். நம்ம சின்ன ஊர்கள்ல லாட்ஜ் இருக்கு. அடுப்பும் வேண்டாம், சாப்பிடத்தானே போறோம்!

ஒரு ரூட்டை எடுத்துக்குவோம். மதுரையில கிளம்பி விருதுநகர்ல எண்ணெய் பரோட்டா. சாத்தூர்ல காராச்சேவு. கோவில்பட்டியில 2020ல் புவிசார் குறியீடு வாங்கின கடலைமிட்டாய். சாயங்காலம் திருநெல்வேலி அல்வா, ராத்திரி அங்கேயே தங்கல். மறுநாள் குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவும் நாட்டுக்கோழியும். திரும்புற வழியில ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா (இதுக்கு 2019லேயே குறியீடு வந்தாச்சு), அப்புறம் மதுரை. போன வழியிலேயே திரும்பாம ஒரு வட்டம். சுமார் 400 கி.மீ. வரும்.

இதையெல்லாம் வயிறு முட்ட சாப்பிட்டாலும் ஆளுக்கு ரெண்டு நாளைக்கு 1,500 ரூபாயைத் தாண்டுறது கஷ்டம். ஆனா பிளான் போடுறப்போ எல்லாரும் பேசுறது சாப்பாட்டைப் பத்தி மட்டும்தான். உண்மையில காசு போறது வேனுக்கு.

வேன் வாடகை எப்படிப் போடுவாங்க? கி.மீ.க்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கி.மீ., டிரைவர் பேட்டா தனி, டோல், பார்க்கிங் தனி. பல இடங்கள்ல நாள் கணக்கு ராத்திரி 12 மணிக்கு மாறும். அதனால வெள்ளிக்கிழமை ராத்திரி 10 மணிக்குக் கிளம்பினா அந்த ரெண்டு மணி நேரமும் ஒரு நாள்! கி.மீ.யும் வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புறதுல இருந்து திரும்பி ஷெட்டுக்குப் போற வரைக்கும் ஓடும்.

இப்போ கணக்கு. கி.மீ.க்கு 24 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் 250 கி.மீ., பேட்டா 800ன்னு வெச்சுக்குவோம். ஆள் பத்து பேர்.

சென்னையில இருந்தே வேன்ல போனா, மதுரை வரைக்கும் போக வர 920, சுத்துறதுக்கு 400, மொத்தம் 1,320 கி.மீ. அது 31,680 ரூபாய். மூணு நாள் பேட்டா 2,400, டோல் பார்க்கிங் 3,000. மொத்தம் 37,080. ஆளுக்கு 3,708.

மதுரை வரைக்கும் ஸ்லீப்பர்ல போய், அங்கே வேன் பிடிச்சா? ஓடுறது 400தான், ஆனா ரெண்டு நாளைக்கு 500 கி.மீ.க்குப் பில் வரும். 12,000 ரூபாய். பேட்டா 1,600, டோல் 800. ரயிலுக்குப் போக வர ஆளுக்கு 800ன்னு போட்டா 8,000. எல்லாம் சேர்த்து 22,400. ஆளுக்கு 2,240.

1,468 ரூபாய் வித்தியாசம். நம்ம மொத்த சாப்பாட்டுச் செலவு அளவுக்கு வந்துடுச்சு பாருங்க. டிக்கெட் 60 நாளுக்கு முன்னாடியே புக் பண்ண முடியும், அதுக்கு மட்டும் சோம்பேறித்தனம் வேண்டாம்.

காசைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இதுல இருக்கு. ஆபீஸ் முடிச்சு வெள்ளி ராத்திரி கிளம்புற வண்டியில நாம தூங்கிடுவோம். டிரைவர்? ராத்திரி முழுக்க 460 கி.மீ. ஓட்டிட்டு, காலையில நம்மளை விருதுநகர் கூட்டிட்டுப் போகணும். 2025 வரைக்கும் இருந்த மோட்டார் தொழிலாளர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலையா இருந்துச்சு, நீண்ட தூர ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினாலும் 10 மணி நேரம்தான். கூட ஒரு பேட்டா கொடுத்தா அவர் தூக்கம் சரியாயிடாது.

அடுத்து, "என் மாமாகிட்ட வண்டி இருக்கு மச்சி, பாதி ரேட்டுக்குத் தருவார்"னு குரூப்ல ஒருத்தன் கண்டிப்பா சொல்வான். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுக்காதீங்க. சொந்த உபயோகத்துக்குன்னு போட்ட இன்சூரன்ஸ், காசு வாங்கி ஆள் ஏத்துறதுக்குப் பொருந்தாது. விபத்துன்னா கிளெய்மை நிராகரிக்க அது ஒண்ணே போதும். மஞ்சள் போர்டு, பெர்மிட், எஃப்.சி., இன்சூரன்ஸ் நாலையும் வாட்ஸ்அப்ல போட்டோ கேளுங்க. ஒழுங்கான டிராவல்ஸ்னா உடனே அனுப்பிடுவாங்க.

சரி, பணத்தை யார் கட்டுறது? வழக்கமா ஒருத்தன் கிரெடிட் கார்டுல எல்லாத்தையும் தேய்ப்பான். பாயிண்ட்ஸ் வரும்னு சந்தோஷம். ஒன்பது பேர்ல நாலு பேர் "சம்பளம் வந்ததும் போடுறேன்டா"ன்னு சொல்லிட்டா, டியூ தேதிக்கு அப்புறம் மாசம் 3.5% பக்கம் வட்டி, அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டி. அதனால வேன் பங்கை முன்னாடியே யுபிஐல வாங்கிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுக்கணும். கடைசி நேரத்துல ரெண்டு பேர் கழண்டுக்கிட்டா வேன் வாடகை குறையாது. 14,400ஐ எட்டு பேர் பிரிச்சா 1,440க்குப் பதிலா 1,800. வராதவன் பங்கு திரும்பக் கிடைக்காதுன்னு முதல் நாளே சொல்லிடுங்க, அப்புறம் சொன்னா சண்டைதான். குரூப்ல சம்பளம் கம்மியா இருக்கிறவன் வாயைத் திறந்து சொல்லமாட்டான். அதனால ரூம் எந்த ரேட்ல எடுக்கலாம்னு அவன்கிட்ட முதல்ல கேளுங்க.

இந்த வேன் பில்லை வெச்சு எல்.டி.ஏ. கிளெய்ம் பண்ணலாமான்னு ஆடிட்டர்கிட்ட கேக்காம இருக்கமாட்டீங்க. நண்பர்களோட பங்குக்குக் கிடையாது. அந்த விலக்கு உங்களுக்கும் உங்க குடும்பத்துக்கும் ஆன பயணக் கட்டணத்துக்கு மட்டும், அதுவும் பழைய வரி முறையில இருந்தா மட்டும். சாப்பாடு, ரூம் எதுவும் வராது. உங்க ரயில் டிக்கெட்டுக்கு மட்டும் கேக்கலாம், ஆனா 400 ரூபாய் டிக்கெட்டுக்காக நாலு வருஷத்துல ரெண்டே தடவை கிடைக்கிற சலுகையில ஒண்ணை வீணாக்காதீங்க. போலி பில் வெச்சு மாட்டினா வரியோட அதுல 200% அபராதம் வரைக்கும் போகும்.

கடைசியா, வீட்டுக்கு வாங்குற பார்சல் பொதுக்காசுல வரக்கூடாது. ஒருத்தன் அம்மாவுக்குக் கால் கிலோ பால்கோவா வாங்குவான், இன்னொருத்தன் ஆபீஸ் முழுக்க மூணு கிலோ அல்வா வாங்குவான். அது அவங்கவங்க ஜிபே.