ஒரு விரற்கடைத் தண்ணீர்

கழிப்பறைக்கு இரண்டு கதவுகள் உண்டு. ஒரு கதவு எல்லோருக்கும் தெரியும். அது ஆள் உள்ளே போய்ச் சாத்திக்கொள்ளும் கதவு. இன்னொரு கதவு கோப்பைக்குள் இருக்கிறது. அது தண்ணீரால் ஆன கதவு. முதல் கதவு மானத்தைக் காக்கும். இரண்டாவது கதவு உயிரைக் காக்கும்.

கேரளத்தின் கிராமங்களில் எல்லா வீடுகளுக்கும் கழிப்பறை வசதி கிடைத்துவிட்டது என்று 2016 நவம்பர் 1-ஆம் தேதி அரசு அறிவித்தது. பாலக்காட்டின் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கமும் கழிப்பறைகள் வந்தன. இடுக்கியில் மூணாறு, மறையூர், பீருமேடு பக்கமும் வந்தன. கட்டியது நல்லது. ஆனால் கட்டினால் மட்டும் போதாது. கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. கண்ணும் கையும் போதும்.

தண்ணீர் எப்படி மூடி ஆகிறது?

கோப்பைக்குக் கீழே ஒரு வளைந்த குழாய் இருக்கிறது. கொத்தனார்கள் இதை டிராப் என்பார்கள். யானையின் தும்பிக்கை போல இது கீழே வளைந்து மேலே ஏறும். நாம் ஊற்றும் தண்ணீரில் கடைசிப் பகுதி இந்த வளைவில் தங்கிவிடும். அந்தத் தண்ணீர்தான் மூடி.

குழியில் கெட்ட காற்று இருக்கிறது. ஈ, கொசு, கரப்பான் பூச்சி இருக்கின்றன. நோய்க் கிருமிகள் இருக்கின்றன. இவை மேலே வர வேண்டும் என்றால் வளைவைத் தாண்ட வேண்டும். வளைவில் தண்ணீர் நிற்கும்போது அவற்றால் வர முடியாது.

1775-ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் இந்த வளைகுழாய்க்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். அவர் கடிகாரம் செய்யும் தொழிலாளி. 250 ஆண்டுகள் ஆகியும் இதைவிட எளிய மூடியை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

கிராமக் கழிப்பறைக் கோப்பையில் இந்தத் தண்ணீர் மூடியின் ஆழம் 20 மில்லிமீட்டர். அதாவது ஒரு விரற்கடை. ஆழம் குறைவு என்பதால் 2 லிட்டர் தண்ணீர் ஊற்றினாலே மலம் போய்விடும். மழை குறைந்த சித்தூர் பக்கத்துக்கு இது மிகவும் ஏற்றது. ஆனால் ஒரு விரற்கடைத் தண்ணீர் சீக்கிரம் வற்றியும் போகும்.

மூடி எப்போது திறந்துகொள்ளும்?

"நேற்றுத்தானே தேய்த்துக் கழுவினோம். ஏன் இப்படி நாறுகிறது?" என்று வீட்டில் பேசிக்கொள்வார்கள். நாற்றம் வந்தால் உடனே ஆசிட் வாங்கி ஊற்றுவார்கள். ஆனால் பல வீடுகளில் காரணம் அழுக்கு அல்ல. தண்ணீர் மூடி திறந்திருப்பதுதான் காரணம்.

மூடி திறக்க மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, தண்ணீர் வற்றுவது. திருவிழாவுக்கோ கல்யாணத்துக்கோ வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறோம். வெயில் காலத்தில் சில வாரங்களில் வளைவு காய்ந்துவிடும். வெளியூர் போகும் நாளில் கடைசியாக ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதன் மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் விடலாம். எண்ணெய் மேலே மிதக்கும். தண்ணீர் வற்றுவது குறையும்.

இரண்டு, வளைகுழாயில் விரிசல். அல்லது கோப்பையும் வளைகுழாயும் சேரும் இடத்தில் இடைவெளி.

மூன்று, துணியோ சாக்கு நூலோ வளைவில் மாட்டிக்கொள்வது. அது விளக்குத் திரி போலத் தண்ணீரை உறிஞ்சி மறுபக்கம் விட்டுவிடும். அதனால் கோப்பைக்குள் துணி, முடி, பஞ்சு எதையும் போடக் கூடாது.

ஹாங்காங்கில் நடந்தது

தண்ணீர் மூடி காய்ந்தால் என்ன ஆகும் என்பதை உலகம் 2003-இல் பார்த்தது. அந்த ஆண்டு சார்ஸ் என்ற காய்ச்சல் பரவியது. ஹாங்காங்கில் அமோய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே சில வாரங்களில் 300-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. பலர் இறந்தார்கள்.

அதிகாரிகள் காரணத்தைத் தேடினார்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் துளை இருந்தது. அதன் கீழும் வளைகுழாய் இருந்தது. ஆனால் பல வீடுகளில் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவுவதில்லை. ஈரத் துணியால் துடைப்பார்கள். அதனால் வளைவு காய்ந்து கிடந்தது. குளியலறை மின்விசிறி சுழன்றபோது சாக்கடைக் காற்றும் கிருமியும் அந்தத் துளை வழியாக வீட்டுக்குள் வந்தன என்று அவர்கள் கூறினார்கள்.

அந்த வளைவில் ஒரு குவளைத் தண்ணீர் நின்றிருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கும்.

கசிவைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரவு எல்லோரும் படுக்கும் முன் கோப்பையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்ற வேண்டும். டார்ச் அடித்து, தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். இரவில் யாரும் தண்ணீர் ஊற்றக் கூடாது. காலையில் மறுபடி பார்க்க வேண்டும். தண்ணீர் அதே அளவில் நின்றால் மூடி நன்றாக இருக்கிறது. இறங்கியிருந்தால் எங்கோ கசிகிறது.

கோப்பையைச் சுற்றித் தரை எப்போதும் ஈரமாக இருக்கிறதா? சுவரின் அடியில் சுண்ணாம்பு உப்பி உதிர்கிறதா? இவையும் கசிவின் அடையாளம்.

கோப்பையைச் சுற்றிய பூச்சில் மட்டும் விரிசல் இருந்தால் வீட்டிலேயே சரி செய்யலாம். உதிர்ந்த சிமெண்டைச் சுரண்டி எடுக்க வேண்டும். அந்த இடத்தைக் கழுவி நன்றாகக் காய விட வேண்டும். பிறகு வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து விரிசலில் அழுத்தி வைக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் அந்தக் கழிப்பறையைப் பயன்படுத்தக் கூடாது. அவசரப்பட்டால் பூச்சு நிற்காது.

வளைகுழாயே உடைந்திருந்தால் கொத்தனாரைக் கூப்பிட வேண்டும். மேலே பூசி மறைத்தால் கசிவு தரைக்கு அடியில் தொடரும்.

அடிக்கடி ஆசிட் ஊற்றுவது கெடுதல். ஆசிட் சிமெண்ட் பூச்சை அரிக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அதிலிருந்து விஷக் காற்று வரும். சோப்புத் தூளும் பிரஷும் போதும்.

குழாய் சொட்டுவதையும் விடக் கூடாது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளில் ஏறக்குறைய 20 லிட்டர் வீணாகும். கிராமக் கோப்பையில் அது 10 முறை ஊற்றப் போதுமான தண்ணீர். பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்திருக்கும். அதன் விலை சில ரூபாய்தான்.

லண்டன் கிணறும் குழந்தையின் துணியும்

மேலே உள்ள கசிவு கண்ணுக்குத் தெரியும். மண்ணுக்குள் இருக்கும் கசிவு தெரியாது. அது இன்னும் ஆபத்தானது.

1854-இல் லண்டன் நகரில் பிராட் தெரு என்ற இடத்தில் காலரா வந்தது. பத்து நாட்களில் 500-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் இறந்தவர்களின் வீடு வீடாகப் போய் விசாரித்தார். பெரும்பாலானோர் ஒரே கிணற்றின் கைப்பம்பில் தண்ணீர் பிடித்தவர்கள். அவர் சொன்னதால் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள்.

அந்தத் தண்ணீர் எப்படிக் கெட்டது? அடுத்த ஆண்டு தோண்டிப் பார்த்தார்கள். கிணற்றின் அருகில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்தது. இரண்டுக்கும் இடையே மூன்று அடிகூட இல்லை. குழியின் செங்கல் கட்டு அரித்துப் போயிருந்தது. அந்த வீட்டில் ஒரு கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்திருந்தது. தாய் குழந்தையின் துணியை அலசி, அந்தத் தண்ணீரைக் குழியில் ஊற்றினாள். குழியில் விழுந்தது கிணற்றுக்குப் போனது. கிணற்றிலிருந்து தெரு முழுவதும் போனது.

அந்தத் தாய் தவறு எதுவும் செய்யவில்லை. ஒழுகிய குழிதான் தவறு.

கிணறு எங்கே? குழி எங்கே?

குடிநீர்க் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் தூரம் இருக்க வேண்டும் என்பது கேரளக் கட்டட விதி. அதாவது ஏறக்குறைய 25 அடி. மலைச்சரிவில் இன்னொன்றும் பார்க்க வேண்டும். கிணறோ ஊற்றோ மேலே இருக்க வேண்டும். குழி கீழே இருக்க வேண்டும். குழி மேலே இருந்தால் மழைக்காலத்தில் கசிவு கிணற்றை நோக்கி இறங்கும். மஞ்சள் காமாலை, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் அந்த வழியில் வரும். சந்தேகம் இருந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்க வேண்டும். ஆஷா பணியாளரிடமும் சொல்ல வேண்டும்.

இரட்டைக் குழிக் கழிப்பறையில் ஒரு குழி நிறைய ஏறக்குறைய மூன்று ஆண்டு ஆகும். நிறைந்ததும் அடுத்த குழிக்கு மாற்ற வேண்டும். பழைய குழியை இரண்டு ஆண்டு மூடி வைத்தால் உள்ளே இருப்பது உரமாகிவிடும். ஆனால் பிரிப்புத் தொட்டியில் பழைய குழியின் வாயை ஒழுங்காக அடைக்க வேண்டும். செங்கல் துண்டும் களிமண்ணும் வைத்து அழுத்தி அடைக்கலாம். அங்கே ஒழுகினால் குழி காயாது. உரமும் ஆகாது.

குழியின் மேல் மூடியில் இடைவெளி இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். ஜூன் மாத மழைக்கு முன்பே மூடியின் ஓரத்தைப் பூசிவிட வேண்டும். குழியைச் சுற்றிச் சிறு வாய்க்கால் வெட்டினால் மழைத்தண்ணீர் விலகிப் போகும்.

எந்தக் காரணத்துக்காகவும் மலக்குழிக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ ஆள் இறங்கக் கூடாது. உள்ளே இருக்கும் விஷக் காற்று சில நிமிடங்களில் கொல்லும். பாதுகாப்பு இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கூலி எவ்வளவு கொடுத்தாலும் இறங்க மறுக்க உரிமை உண்டு.

தூக்கிச் செல்லும் கழிப்பறை

சூரியநெல்லி, வட்டவடை பக்கம் சுற்றுலாப் பயணிகள் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் அங்கே வேலைக்குப் போகிறார்கள். கூடாரவாசிகளுக்கென்று பெட்டி போன்ற ஒரு கழிப்பறை உண்டு. மேல் பெட்டியில் கழுவும் தண்ணீரும் உட்காரும் இடமும் இருக்கும். கீழ்ப் பெட்டியில் மலம் சேரும். நடுவில் இழுத்து மூடும் ஒரு தகடு உண்டு. தகட்டைச் சுற்றி ரப்பர் வளையம் உண்டு. இங்கே அந்த ரப்பர்தான் மூடி.

ரப்பரில் மணலோ காகிதமோ ஒட்டினால் தகடு சரியாக மூடாது. ஒழுகும். ஒவ்வொரு முறை காலி செய்ததும் ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். பிறகு சிலிக்கான் கிரீஸ் கொஞ்சம் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய், மண்ணெண்ணெய், வாசலின் தடவக் கூடாது. அவை ரப்பரை உப்ப வைத்துக் கெடுக்கும். வெடித்த ரப்பரை மாற்றத்தான் வேண்டும்.

போடியிலிருந்து மலை ஏறி வரும்போது வெளியே காற்றின் அழுத்தம் குறையும். பெட்டிக்குள் அழுத்தம் அப்படியே இருக்கும். தகட்டைச் சட்டென்று திறந்தால் முகத்தில் தெறிக்கும். மூடியைச் சாத்தி வைத்துக்கொண்டு தகட்டை மெல்லத் திறக்க வேண்டும். கீழ்ப் பெட்டியைக் கழிப்பறையில்தான் கொட்ட வேண்டும். ஓடையில் கொட்டினால், கீழே குடிப்பவர்கள் நம்மைப் போன்றவர்கள்தான்.

மாதம் ஒரு முறை பார்க்க வேண்டியவை

1. இரவு ஊற்றிய தண்ணீர் காலையில் அதே அளவு நிற்கிறதா?
2. கோப்பையைச் சுற்றி விரிசல் உண்டா?
3. குழாய் சொட்டுகிறதா?
4. குழியின் மூடியில் இடைவெளி உண்டா?
5. குழியின் அருகே மண் சொதசொதப்பாக இருக்கிறதா?

இவற்றைப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். படிக்கத் தெரிந்த ஒருவர் இந்தப் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கழிப்பறைக் கதவில் ஒட்டலாம்.

பேசிப் பாருங்கள்

உங்கள் வீட்டுக் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்தனை அடி தூரம்? அளந்து பார்த்தீர்களா?

நீங்கள் இருப்பது தோட்ட லயமா? அங்கே பொதுக் கழிப்பறை ஒழுகினால் யாரிடம் சொல்ல வேண்டும்? நான்கு வரியில் ஒரு மனு எழுதிப் பாருங்கள்.

வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போகும் முன் கழிப்பறையில் என்ன செய்ய வேண்டும்? பக்கத்து வீட்டாருக்கும் சொல்லிக் கொடுங்கள்.