பெங்குவினைப் பிடித்துக்கொண்ட பத்திரிகை கம்பெனி

2000-ஆம் ஆண்டுவாக்கில் சீனாவின் பிரவுசிங் சென்டர்களில் எந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தாலும் ஒரே அரட்டை மென்பொருள்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிற்பாடு கியூக்யூ என்று பெயர் மாறி, பெங்குவின் சின்னத்தோடு நாடெங்கும் பரவியது அதுதான். நிறுவன மேலாளர்களின் விசிட்டிங் கார்டில்கூட அதன் எண் அச்சாகியிருந்தது. தென்னாப்பிரிக்காவின் நாஸ்பர்ஸ் குழுமத்துக்காக அங்கே முதலீட்டு வாய்ப்பு தேடிக்கொண்டிருந்த டேவிட் வாலர்ஸ்டீன் இதைக் கவனித்தார்.

மென்பொருளுக்குச் சொந்தக்காரர், 1998-ல் மா ஹுவாடெங்கும் நண்பர்களும் ஷென்சென் நகரில் தொடங்கிய டென்சென்ட். பயனாளர்கள் ஏராளம், வருமானம் சொற்பம். டாட்காம் கம்பெனிகள் வரிசையாகச் சரிந்துகொண்டிருந்த நேரம் வேறு. ஹாங்காங் நிறுவனமான பிசிசிடபிள்யூ தன்னிடமிருந்த 20 சதவீதப் பங்கை சுமார் 1.26 கோடி டாலருக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. போட்ட பணத்தைப்போல பத்து மடங்குக்கும் மேல் லாபம். விற்றவரை யாரும் ஏமாளி என்று சொல்லியிருக்க மாட்டார்கள்.

2001-ல் அதை வாங்கியது நாஸ்பர்ஸ். 1915-ல் பத்திரிகைத் தொழிலில் இறங்கிய பழைய கம்பெனி. கூஸ் பெக்கர் தலைமையில் சீனாவில் அது அதற்கு முன் இறங்கிய தொழில்களில் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. ஆனாலும் சுமார் 3.2 கோடி டாலர் போட்டு டென்சென்டில் 46.5 சதவீதம்வரை சேர்த்தது. 2004-ல் ஹாங்காங் சந்தையில் 3.70 ஹாங்காங் டாலருக்குப் பங்கு பட்டியலானது. அன்றிலிருந்து 2018 வரை நாஸ்பர்ஸ் ஒரு பங்கைக்கூட விற்கவில்லை.

இதைத் தீர்க்கதரிசனம் என்று சொன்னால் மிகை. 2011-ல் டென்சென்டின் வீசாட் வரும், அதிலேயே காய்கறிக்காரருக்கும் பணம் கொடுக்கலாம் என்று 2001-ல் யாருக்குத் தெரியும்? தெரிந்தது ஒன்றுதான்: சிநேகிதர்கள் எல்லாம் எங்கே இருக்கிறார்களோ, அந்த இடத்தைவிட்டு ஆள் நகர மாட்டான். அந்தக் கூட்டம் கலையாதவரை புதுப்புது வியாபாரம் அதன்மேல் முளைக்கும். இந்த ஒரு நம்பிக்கைக்குத்தான் அத்தனை வருடப் பொறுமை.

2018 மார்ச்சில் முதன்முறையாக 2 சதவீதம் விற்றார்கள், சுமார் 980 கோடி டாலருக்கு. மூன்றாண்டுக்கு இனி விற்பதில்லை என்று வாக்கும் கொடுத்தார்கள். காத்த வாக்குக்குக் கூலி கிடைத்தது. 2021 ஏப்ரலில் இன்னொரு 2 சதவீதம் சுமார் 1,470 கோடி டாலருக்குப் போனது. மறுபடியும் அதே மூன்றாண்டு வாக்கு. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே, சிறுவர்கள் ஆன்லைன் விளையாட்டு ஆட வாரத்துக்கு மூன்று மணி நேரம்தான் என்று சீன அரசு கட்டுப்பாடு போட்டது. டென்சென்ட் பங்கு சரிந்தது. 2022 ஜூனில் வாக்கு தவறியது. சிறுகச் சிறுக விற்று, அந்தப் பணத்தில் நாஸ்பர்ஸும் அதன் துணை நிறுவனமான புரோசஸும் தங்கள் பங்குகளையே திரும்ப வாங்கத் தொடங்கின.

காரணம் சுவாரஸ்யமானது. நாஸ்பர்ஸிடம் இருந்த டென்சென்ட் பங்கின் மதிப்பைவிட நாஸ்பர்ஸின் மொத்தச் சந்தை மதிப்பு பல ஆண்டுகளாகக் குறைவு; அதாவது சொந்தப் பங்கே மலிவாகக் கிடைத்தது. டென்சென்டை நம்பிய சந்தை, அந்தப் பணத்தை நாஸ்பர்ஸ் அடுத்து எதில் போடும் என்பதை நம்பவில்லை. ஒருமுறை சரியாகக் கணித்தவர் அடுத்த முறையும் சரியாகக் கணிப்பார் என்று முதலீட்டாளர்கள் எடுத்துக்கொள்வதில்லை.